அலைக்குப் பின்னால் ஊர் ஊராகப் பிள்ளை வளர்க்கலாமா?

ஆகஸ்ட் 13, 2025, ஒரு வாசகரின் கேள்வி

மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு நிலையாக இல்லை. நம் நாட்டு வீரர் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். எனக்கு 7 வயதில் ஒரு மகள். பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு, வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல், ஒரு வேனில் வைத்துக் கடற்கரை கடற்கரையாகப் போய் வளர்த்தார், எல்லாரும் நன்றாக வந்தார்கள் என்று படித்தேன். நாம் ஏன் செய்யக் கூடாது? பள்ளிக்கூடம் பிள்ளைகளை அடைத்து வைக்கிறது என்பது என் கருத்து. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 13, 2025, இரவு 10.20

செய்து பார்த்தவள் எழுதுகிறேன். திருவொற்றியூர்க்காரி. வீட்டுக்காரர் காசிமேட்டில் ஃபைபர் போட் ரிப்பேர் பார்த்தவர். 2021 செப்டம்பரில் ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கி, சீட்டைக் கழற்றி, பலகை அடித்துப் படுக்கை போட்டு, இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினோம். பெரியவளுக்கு அப்போது 9 வயது, சின்னவனுக்கு 5. கோவளம், புதுச்சேரி பக்கம் தந்திராயன்குப்பம், மணப்பாடு, கேரளத்து வர்க்கலா, கர்நாடகத்து முல்கி என்று சுற்றினோம். 2024 மே மாதம் வண்டியை விற்றோம்.

முதலில் அந்த டாக்டர் கதை. பெயர் டோரியன் பாஸ்கோவிட்ஸ். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். 8 பிள்ளைகள், 24 அடி வேன், பள்ளிக்கூடம் கிடையாது. இவ்வளவும் உண்மை. "எல்லாரும் நன்றாக வந்தார்கள்" என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஒரு மகன், இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ், லாங்போர்டில், அதாவது நீளப் பலகைச் சறுக்கில், பெரிய பெயர் வாங்கினார். பிறகு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அலையில் ஏற்றும் முகாம்களை நடத்தினார். அது அருமையான வேலை. ஆனால் பிள்ளைகளில் சிலர் வளர்ந்த பிறகு, படிப்பே கொடுக்காமல் எங்களை வெளியே விட்டுவிட்டார் என்று அப்பா மேல் இருந்த வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்பா டாக்டருக்குப் படித்து, வேலை பார்த்து, அப்புறம் இது வேண்டாம் என்று விட்டவர். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைகள் கையில் ஒன்றுமே இல்லை. இந்த வித்தியாசத்தை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 14, 2025, காலை 6.15

திருத்தம். நேற்று 8 பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன். 9 பேர். 8 ஆண், 1 பெண். அந்த ஒரு பெண்ணை எப்படி விட்டேன் என்று காலையில் எழுந்ததும் உறுத்தியது.

ஆகஸ்ட் 14, 2025, இரவு 9.45

"கடல் பக்கத்திலேயே இருந்துகொண்டு எதற்கு ஊர் ஊராகப் போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். வடசென்னைக்காரர்கள் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். எங்களுக்குக் கடல் இருக்கிறது, கரை இல்லை.

நம் கரையில் மணல் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு வரும் நீரோட்டத்தை என் மாமனார் தெண்டி என்பார். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். அந்தச் சுவர் மணலை மறித்தது. தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வரவேண்டிய மணல் வராமல், கடல் தெருவைத் தின்றது. என் பாட்டி காலத்து வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் தண்ணீரைத்தான் காட்ட முடியும். பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவர், தூண்டில் வளைவு, கட்டினார்கள். இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் மணல் சேரும், அதில் பிள்ளைகள் பந்து ஆடும். அவ்வளவுதான். அலை வந்து கல்லில் அறைகிற இடத்தில் பிள்ளையைப் பலகையில் ஏற்ற முடியாது.

ஆக, கோவளத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் மணல் கரையில் சாய்வாக உடையும் அலை. வாரா வாரம் போய் வந்தோம். ஒரு நாள் இரவு திரும்பும்போது மணலியில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நின்றோம். அன்றைக்கு அவர், "அங்கேயே இருந்துட்டா என்ன?" என்றார். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 15, 2025, மதியம்

பள்ளி விஷயம். இதில்தான் நிறையக் கேள்வி வந்திருக்கிறது.

பெரியவளுக்கு டி.சி. வாங்கினோம். வாங்கியதும் எமிஸில், அதாவது கல்வித் துறையின் மாணவர் பதிவில், அவள் பெயர் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். புதுப் பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் பிள்ளை பள்ளி செல்லாக் குழந்தை. ஆசிரியர்கள் தேடி வருவார்கள், அது அவர்கள் கடமை. கோவளத்தில் ஒரு டீச்சர் வேனுக்கே வந்துவிட்டார். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவரே எங்களுக்குப் பெரிய துணையானார். அந்த வருடம்தான் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியிருந்தது. சாயங்காலம் குப்பத்துப் பிள்ளைகளோடு எங்கள் இரண்டும் உட்கார்ந்தன. சின்னவன் அ, ஆ எழுதக் கற்றது அங்கே, ஒரு வலைக் கூடத்தில்.

மற்ற ஊர்களில் காலையில் இரண்டு மணி நேரம் நான் சொல்லிக்கொடுத்தேன். தமிழும் சமூக அறிவியலும் எனக்கு வரும். கணக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் தடுமாறினேன். பின்னம் சொல்லித்தர, ஃபைபரில் பூசும் பிசினான ரெசினைக் கலக்கும் அளவைக் கொண்டுவந்தார் அவர். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் இயற்கணிதம் வந்தபோது ரெசின் உதவவில்லை. கடலே பள்ளி என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்திருக்கமாட்டார்கள்.

திரும்பி வந்தபோது பள்ளியில் சேர்ப்பதில் சிரமமே இல்லை.

ஆகஸ்ட் 15, 2025, இரவு 11.05

மேலே கடைசி வரி சரியில்லை. அவர் படித்துவிட்டு, "ஏன் மறைக்கிறே?" என்று கேட்டார். மறைக்கவில்லை, மறக்க நினைத்தேன்.

முதலில் போன பள்ளியில் பெரியவளை இரண்டு வகுப்பு கீழேதான் போடுவோம் என்றார்கள். அவள் எதிரிலேயே சொன்னார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 2009 கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளை இடையில் விட்டிருந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதைச் சொன்னேன். பலனில்லை. இரண்டாவதாகப் போன அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை எதுவும் கேட்காமல், "சாப்டியாம்மா?" என்று மகளிடம் கேட்டார். ஏழாம் வகுப்பில் சேர்த்தார். இப்போது எட்டு.

தம்பி, போவதானால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது ஆகியிருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத 14. பிள்ளையின் வயதுக் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள், அலைக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 17, 2025, மாலை

வருமானம் எப்படி என்று கேட்டவருக்கு. வீட்டுக்காரர் அலைச்சறுக்குப் போர்டு ரிப்பேர் செய்தார். காசிமேட்டில் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் எங்கும் பரவின, அந்த வேலை அவர் கையில் ஊறியது. உடைந்த இடத்தைத் தேய்ப்பது, கண்ணாடி நார் மேட் வைப்பது, ரெசின் பூசுவது எல்லாம் ஒரே கைப்பக்குவம்தான். ஆனால் முதல் மாதமே ஒன்று நடந்தது. படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினை ஒரு வெளிநாட்டுக்காரர் போர்டில் ஊற்றினார். உள்ளே இருந்தது தெர்மாகோல் வகை ஃபோம். பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். கண் முன்னால் போர்டு குழிந்து போனது. அந்த வகைக்கு எபாக்சி ரெசின்தான். 18,000 ரூபாயைத் தவணையில் கட்டினோம். அதன் பிறகு எந்தப் போர்டு வந்தாலும் பெரியவள் விளக்கு பிடித்து, "நைனா, இது எந்த ஃபோமு?" என்று கேட்டுவிட்டுத்தான் தருவாள்.

காலையில் ஆரம்பப் பாடம் எடுக்கும் பயிற்சியாளர்களுக்கு உதவியாகவும் போவார். நான் சமைத்துக் கொடுத்தேன், நெத்திலிக் குழம்புக்கு ஆள் தேடி வந்தார்கள். மாதம் 20,000 வந்தால் நல்ல மாதம். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் கடல் கலங்கினால் வர்க்கலா போவோம், தென்மேற்கில் அங்கே கடல் சீறும்போது இங்கே வருவோம். முல்கியில் சாம்பவி ஆறு கடலில் சேரும் இடம் பிள்ளைகளுக்குச் சொர்க்கம். பெரியவள் மலையாளம் பேசக் கற்றாள். சின்னவன் துளுவில் சண்டை போடுவான்.

உடம்புக்கு வந்தது குறைவுதான். காதுவலி, சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டுத் தடிப்பு, மணப்பாட்டிலிருந்து கிளம்பும்போது பெரியவளுக்கு இரண்டு நாள் ஜுரம். தடுப்பூசி அட்டையை மட்டும் கையோடு வைத்திருந்தோம். 5 வயதில் போடுவதை ஒரு ஊரிலும் 10 வயதில் போடுவதை இன்னொரு ஊரிலும் போட்டார்கள், எந்த அரசு சுகாதார நிலையத்திலும் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, 2025, இரவு

"பிள்ளைகளை நாடோடி ஆக்கிவிட்டீர்கள்" என்று ஒருவர். நாடோடி வசைச் சொல் இல்லை ஐயா. கழைக்கூத்து ஆடுகிறவர்கள், ஊசி பாசி விற்கிறவர்கள், உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளோடுதான் போகிறார்கள். அவர்கள் போனால் பாவம் என்கிறோம், வேனில் போர்டு கட்டிக்கொண்டு நாங்கள் போனால் துணிச்சல் என்கிறோம். வர்க்கலாவில் எங்களைப் படம் எடுத்துப் பாராட்டிய ஒரு அம்மா, நூறு அடி தள்ளி பலூன் விற்ற குழந்தையைப் பார்த்து, "இதையெல்லாம் ஸ்கூலுக்கு அனுப்பாம..." என்று முகம் சுளித்தார். இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். இரண்டுமே அன்றைக்குப் பள்ளியில் இல்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களால் திரும்பி வர முடிந்தது. திருவொற்றியூரில் அம்மா வீடு இருந்தது. பலூன் விற்ற குடும்பத்துக்கு அப்படி ஒரு கதவு இருந்திருக்குமா?

ஆகஸ்ட் 20, 2025, காலை

ஆபத்து பற்றி. நான் 2004 சுனாமி அன்றைக்குக் கரையில் ஓடியவள். பிள்ளைகளைக் கடலில் விட எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

போர்டைத் தொடும் முன்னால் இருவருக்கும் மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுத்தார் அவர். ஒரு மாதம் அதுதான். அப்புறம் கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து அலையை எண்ணச் சொல்வார். எங்கே நுரை வரவில்லையோ, எங்கே தண்ணீர் கலங்கலாக வெளியே போகிறதோ, அதுதான் இழுப்பு. பார்க்க அமைதியாக இருக்கும், பழகாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

அப்புறம் கள்ளக்கடல். கேரளத்து மீனவர்கள் சொல்லும் பெயர். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலை நாள் கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை வந்திருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம், இன்காய்ஸ், இதை முன்கூட்டியே சொல்கிறது. எங்கள் வண்டியில் காலைக் காபிக்கு முன்னால் அதைப் பார்ப்போம். சிவப்பு என்றால் அன்றைக்குக் கணக்குப் பாடம். சின்னவன் அழுதாலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 24, 2025, இரவு 12.30

இன்று பெரியவள் இதையெல்லாம் படித்தாள். 13 வயது. படித்து முடித்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா, மணப்பாட்டுல எனக்கு ஜுரமே வரல" என்றாள்.

அங்கே ஒரு தோழி இருந்தாள் அவளுக்கு. தேவாலயம் இருக்கும் மணற்குன்றில் இரண்டும் சாயங்காலம் ஏறும், சறுக்கி இறங்கும். ஐந்து மாதம் ஒரே இலையில் சாப்பிட்ட மாதிரி இருந்தார்கள். நாங்கள் ஒரு புதன்கிழமை காலை கிளம்பினோம், முந்தின நாள் இரவுதான் பிள்ளைகளிடம் சொன்னோம். வர்க்கலாவில் வேலை வந்துவிட்டது, காரணம் அவ்வளவுதான். பெரியவள் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தாள். உள்ளே அழுதிருக்கிறாள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கொதிக்கிறது என்று மாத்திரை கொடுத்தேன். அவளும் வாங்கி விழுங்கியிருக்கிறாள். "நீ ஜுரம்னு சொன்ன, சரி ஜுரம்னு இருந்துட்டேன்."

மூன்று வருடமாக அது ஜுரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே எழுதும்போதும் உடம்புக்கு வந்த கணக்கில் சேர்த்து எழுதினேன்.

பாஸ்கோவிட்ஸ் பற்றி முதல் நாள் எழுதினேனே, பிள்ளைகள் கையில் ஒன்றும் இல்லை என்று. அதை எழுதும்போது நாங்கள் அப்படி இல்லை என்று மனதுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. பள்ளி, தடுப்பூசி, எச்சரிக்கை எல்லாம் பார்த்தோம். எப்போது கிளம்பலாம் என்று மட்டும் ஒரு தடவையும் அவர்களைக் கேட்கவில்லை. இன்னொரு முறை போவதாக இருந்தால் பாடப்புத்தகத்துக்கு முன்னால் அதைத்தான் எடுத்து வைப்பேன்: இருப்போமா, போவோமா என்று அந்தந்த ஊரில் பிள்ளையைக் கேட்பது. அவள் வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்துவது. வேலை போனாலும் சரி.

ஆகஸ்ட் 25, 2025

மணப்பாட்டுத் தோழியின் அம்மா எண் என் பழைய போனில் இருந்தது. போட்டேன், எடுத்தார்கள். இரண்டும் ஒரு மணி நேரம் பேசின. நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 31, 2025, மதியம்

"அவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் திரும்பினீர்கள்?" என்ற கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

2023 டிசம்பரில் வர்க்கலாவில் இருந்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. மாமியார் வீடு தாழங்குப்பத்தில். போனில், "வலை, படகு, வாசப்படி எல்லாம் கருப்பா ஒட்டுதுடா" என்று மகனிடம் அழுதார். அந்த மாதக் கடைசியிலேயே, டிசம்பர் 26 இரவு, கடலுக்கு அடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் மூச்சு முட்டி ராத்திரியில் ஓடினார்கள். நாங்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தோம். ஆயாவின் கையில் ஒட்டிய எண்ணெயைப் பெரியவள் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாள். ஒரு வாரம் கழித்து அவள்தான், "நாம இங்கயே இருக்கலாமா?" என்று கேட்டாள். அவர் உடனே சரி என்றார். வண்டி விற்க நல்ல விலை வராமல் மே வரை இழுத்தது.

எண்ணூரில் இப்போது ஆற்றில் இறால் தடவுகிற பெண்கள் பழையபடி இறங்குகிறார்கள், பழையபடி கிடைப்பதில்லை. அங்கே இருக்கும் பிள்ளைகள் கடலை விட்டுப் போவதும் ஊர்விட்டு ஊர் போவதுதான். அவர்களையும் யாரும் கேட்பதில்லை.

சின்னவன் மட்டும் இன்னும் வண்டி வேண்டும் என்கிறான். கோடை விடுமுறையில் ஒரு மாதம் முல்கி போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். நான்கு பேரும் சம்மதித்தால்தான்.

செப்டம்பர் 4, 2025, இரவு

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். வேனுக்கு முன்பணம் கொடுக்கவில்லை, மகளிடம் முதலில் பேசப் போகிறேன் என்கிறீர்கள். சந்தோஷம். போர்டு வாங்கலாமா என்று கேட்டதற்கு: இப்போது வாங்காதீர்கள். 7 வயதுக்கு வாங்கினால் இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். கட்டாயம் வேண்டுமானால் மேலே மெத்தென்று இருக்கும் சாஃப்ட் போர்டுதான், தலையில் பட்டாலும் கிழிக்காது. மிதக்கத் தெரியுமா அவளுக்கு? தெரியாது என்றால் அதிலிருந்து தொடங்குவோம்.

இந்த ஞாயிறு விடிகாலையில் கோவளம் போகிறோம். பெரியவள் தன் வகுப்புத் தோழியைக் கூட்டி வருகிறாள். அந்தப் பெண் காசிமேட்டில் பிறந்தவள், அப்பா விசைப்படகில் போகிறவர், ஆனால் அவள் இதுவரை முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. கல்லைத் தாண்டி எங்கே இறங்குவது? உங்கள் மகளையும் கூட்டி வாருங்கள். மாற்றுத் துணியும் ஒரு துண்டும் போதும், போர்டு எங்களிடம் நான்கு இருக்கிறது. முதல் பாடம் சின்னவன் எடுப்பானாம், இப்போதே சொல்லிவிட்டான்.